கூந்தன்குளத்தில் கூர்மை தேடி: புது 150-600 லென்ஸ் ஒன்றின் ஃபோகஸ் கோளாறு, ஒரு நிகழ்வு ஆய்வு

"அண்ணாச்சி, லென்ஸு மோசம் போயிட்டு. அறுநூறுல வச்சா ஒண்ணுகூட ஷார்ப்பா விழ மாட்டேங்கு."

பங்குனி வெயிலில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வந்த ஒரு தம்பியின் புகார் இது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டுப் படம், மிச்ச நேரமெல்லாம் பறவை. கல்யாண வேலையில் சேர்த்த பணத்தைப் போட்டு 150-600 மிமீ ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தார். அபெர்ச்சர், அதாவது ஒளி புகும் திறப்பு, எஃப் 5 முதல் 6.3 வரை (எண் கூடினால் திறப்பு சிறிது), பில்டர் அளவு 95 மிமீ, எடை ஏறத்தாழ 2 கிலோ. பாடி (லென்ஸ் மாட்டும் கேமரா உடல்) அவரிடம் சில வருடமாக இருக்கும் 24 மெகாபிக்ஸல் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே மிரர் வைத்த கேமரா; படம் பதியும் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு. பாடி ஒரு நிறுவனம், லென்ஸ் வேறொரு நிறுவனம். இந்தக் கோளாறு எந்தப் பெட்டியிலிருந்தும் வரக்கூடியது என்பதால் பெயர்கள் இங்கே தேவையில்லை.

கடையில் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிய அதிக நாள் இல்லை. திருப்பிக் கொடுப்பதா, சர்வீஸுக்கு அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்தாக வேண்டும். அதற்குக் கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பறவைப் படத்தில் அது இருக்கக்கூடிய இடங்கள் நான்கு: லென்ஸ், பாடி, இரண்டையும் பிடித்திருக்கும் ஆள், லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவே கிடக்கும் காற்று. காற்றைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்மூர் வெட்டவெளியில், பங்குனி சித்திரையில், அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. புது லென்ஸ் சரியாக ஃபோகஸ் ஆகவில்லை என்றதும் பலர் நேரே கேமரா மெனுவுக்குப் போய் ஆட்டோஃபோகஸைத் திருத்தும் எண்ணை மாற்றிவிடுகிறார்கள். நிக்கான் அதை ஏஎஃப் ஃபைன் ட்யூன் என்கிறது, கேனான் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்கிறது. அது கடைசியில் தொட வேண்டிய இடம். மற்ற காரணங்களை விலக்காமல் அதைத் தொட்டால், இருக்கிற கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். இந்தத் தம்பிக்கு நடந்தது அதுதான்.

கழித்த படங்கள்

முதலில் மெமரி கார்டு முழுவதையும் கேட்டு வாங்கினேன். அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய படங்கள்தான் முக்கியம். பொறுக்கியெடுத்த படத்தில் கோளாறு தெரியாது.

மங்கலான படம் ஒன்றைத் திறந்ததும் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: இந்தப் படத்தில் எங்கேயாவது, எதுவாவது கூர்மையாக இருக்கிறதா? பறவை மங்கி வேறு ஏதோ ஒன்று கூர்மையாக இருந்தால், லென்ஸ் நன்றாகத்தான் வரைந்திருக்கிறது, ஃபோகஸ் இடம் மாறி விழுந்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது ஆட்டம். எங்குமே கூர்மை இல்லாமல், நேர்க்கோடாக இருக்க வேண்டியது நெளிந்திருந்தால் அது காற்று. விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் லென்ஸுக்கு முன்னால் மாட்டிய கண்ணாடியைச் சந்தேகப்படலாம். கணினியில் 100 சதவீத அளவில் வைத்துப் பறவையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது. பறவையை விட்டு அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பார்க்க வேண்டும்.

இப்படிப் பிரித்ததில் அந்தக் கார்டில் எல்லா வகையும் இருந்தன. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரத்தில் கூடு கட்டிய வர்ண நாரைக்குக் கண் மங்கல், ஆனால் அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த முள்குச்சியில் ஒவ்வொரு முள்ளும் எண்ணும்படி இருந்தது. கேமராவில் எல்லா ஃபோகஸ் புள்ளிகளும் இயங்கும் ஆட்டோ முறை வைத்திருந்தார். அந்த முறையில் கேமரா பெரும்பாலும் கிட்ட இருப்பதைத்தான் பிடிக்கும். இதில் லென்ஸ் மேல் குற்றமே இல்லை. பறந்து போன கூழைக்கடாக்கள் எல்லாம் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தன. ஷட்டர் வேகம் 1/400 விநாடி. ஏபிஎஸ்-சி பாடியில் 600 மிமீ வைத்தால் கையாட்டத்துக்கு மட்டுமே 1/1000 அளவில் வேண்டும், பறக்கும் பறவைக்கு அதற்கும் மேலே போக வேண்டும். லென்ஸில் இருக்கும் ஆட்டத் தடுப்பு நம் கையைத்தான் தடுக்கும், பறவையின் இறக்கையைத் தடுக்காது.

எதிர்க்கரைச் சேற்றுத் திட்டில் நின்ற கரண்டிவாயன்களைத் தொடர்ச்சியாகப் பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம் எடுத்திருந்தார். அந்த வரிசையை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தால் கால்கள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒவ்வொரு விதமாக நெளிகின்றன. பறவை அசையவில்லை. படத்தில் எந்த ஆழத்திலும் கூர்மையான பட்டையே இல்லை. இது கானல், சூடான காற்றின் நெளிவு.

இவ்வளவையும் கழித்த பிறகும் ஒரு வகைப் படம் மிஞ்சியது. கரையோரச் சேற்றில், சுமார் 20 மீட்டரில், நெடுங்கால் உள்ளான் நிற்கிறது. ஒற்றைப் புள்ளியைத் தலையில் வைத்திருக்கிறார், ஷட்டர் 1/2000, காலை வெளிச்சம். இங்கே சேறுதான் சாட்சி. சேற்றின் மேல் கூர்மையான பட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் ஃபோகஸ் விழுந்த தூரம் தெரிந்துவிடும். முதல் தடவை போனபோது எடுத்த படங்களில் பட்டை உள்ளானின் காலுக்கு முன்னால் இருந்தது. அடுத்த தடவை எடுத்தவற்றில் காலுக்குப் பின்னால் இருந்தது.

ஒரே லென்ஸ், ஒரே பாடி, ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால். நடுவில் என்ன செய்தார் என்று கேட்டபோதுதான் மொட்டைமாடிக் கதை வந்தது.

பிளஸ் 12

படம் முன்னால் ஃபோகஸ் ஆகிறது என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. அந்தக் கணிப்பு சரிதான். சோதித்துப் பார்க்க அச்சிட்ட தாள் ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டி, தன் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் லென்ஸை ஊன்றி, மதிய நேரத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படம் எடுத்திருக்கிறார். எல்லாவற்றிலும் பிளஸ் 12இல் எடுத்தது கொஞ்சம் தெளிவாக இருக்கவே அதையே வைத்துவிட்டார். இந்த மெனுவில் பிளஸ் என்றால் ஃபோகஸ் கேமராவை விட்டுத் தள்ளிப் போகும், மைனஸ் என்றால் கிட்ட வரும். பிளஸ் 20 முதல் மைனஸ் 20 வரை நகர்த்தலாம்.

மதியச் சூட்டில் காங்கிரீட் தளம் ஒரு அடுப்பு. அதன் மேல் எழும் காற்றின் ஊடாக எடுத்த படங்களில் எது தெளிவாக விழும் என்பது அந்த நொடியில் காற்று எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு படம் எடுத்ததால், பிளஸ் 12க்கு நல்ல நொடி வாய்த்ததா, நல்ல எண்ணே அதுதானா என்று பிரித்தறிய வழியே இல்லை. முன்னால் விழுந்துகொண்டிருந்த ஃபோகஸ் அளவுக்கு மீறிப் பின்னால் போய்விட்டது. அதோடு நிற்கவில்லை. 150 மிமீயில் எடுத்த படங்களும் அன்றிலிருந்து கெட்டன. வாங்கிய புதிதில் 150இல் எல்லாம் நன்றாக இருந்ததாக அவரே சொன்னார். லென்ஸ் நாளுக்கு நாள் மோசமாகிறது என்று அவர் நம்பியதற்கு இதுதான் அடிப்படை.

காற்று என்ன செய்கிறது

இந்த ஊர்ப் பக்கம் பறவைப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் இதை ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.0003. ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். கேட்க ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் 24 மெகாபிக்ஸல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்ஸலின் அகலம் ஏறத்தாழ 4 மைக்ரான். 600 மிமீ லென்ஸில் 150 மீட்டர் தள்ளி நிற்கும் பறவையின் மேல் அந்த ஒரு பிக்ஸல் மூடும் இடம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதாவது 150 மீட்டர் வரும் வழியில் ஒளிக்கதிர் ஒரு மில்லிமீட்டர் விலகினால் படத்தில் ஒரு பிக்ஸல் நகர்ந்துவிடும். காய்ந்த குளத்தரையை ஒட்டிச் சூடும் குளிர்ச்சியும் கலந்து புரளும் காற்றில் அது பல மில்லிமீட்டர் விலகுகிறது, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பக்கமாக. கரண்டிவாயனின் கால் நெளிந்தது அதனால்தான்.

படம் மங்குவதோடு ஆட்டோஃபோகஸும் தடுமாறும். கேமரா விளிம்புகளைப் பார்த்துத்தான் தூரத்தைக் கணிக்கிறது. விளிம்பே ஆடினால் ஒவ்வொரு முறையும் கணிப்பு மாறும், லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். அலைவதைப் பார்ப்பவர் மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

கூந்தன்குளத்தில் கிட்டப் போய் இந்தச் சிக்கலைத் தீர்க்கவும் முடியாது, போகவும் கூடாது. நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டியை அடுத்த ஊர் அது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரையும் கூழைக்கடாவும் கூடு வைக்கும். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத மக்கள் அவர்கள். அவர்கள் காத்துவைத்திருப்பதை நாம் ஒரு படத்துக்காக எழுப்பிவிடுவது நியாயமில்லை. ஆகவே தூரம் தவிர்க்க முடியாதது. நேரத்தையும் கோணத்தையும் மட்டும் நாம் மாற்றிக்கொள்ளலாம்.

வெயில் ஏறுவதற்கு முன் எடுப்பது முதல் வழி. கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து எடுத்தால் பார்வைக்கோடு தரையை விட்டு உயரே போவதால் சூடான அடுக்குக்குள் அதிக தூரம் போகாது. கரையில் குப்புறப் படுத்து எடுத்தால் பறவையின் கண்மட்டம் கிடைக்கும், ஆனால் முழு வழியும் தரைச் சூட்டுக்குள்தான். கிட்ட நிற்கும் பறவைக்குப் படுக்கலாம், தூரத்துப் பறவைக்குக் கோபுரம். மார்கழி தை விடியலில் இன்னொரு விஷயம் உண்டு. அப்போது தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருக்கும், தண்ணீரை ஒட்டியும் லேசான கானல் எழும். விடிகாலை என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. காரில் போகிறவர்கள் ஏசியை ஓடவிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக எடுப்பதும் இதே கெடுதலைச் செய்யும். உள்ளேயிருந்து வெளியேறும் குளிர்காற்று லென்ஸின் வாயிலேயே கலக்கிறது. லென்ஸின் முன்னால் மாட்டும் நீளமான ஹூட்டுக்குள்ளும் வெப்பக்காற்று சிக்கிக்கொள்ளும். குளிர்ந்த பையிலிருந்து எடுத்த லென்ஸை வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு அப்புறம் எடுக்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள்

லென்ஸோடு கடையில் சேர்த்துக் கொடுத்த மலிவான யுவி பில்டர் ஒன்று மாட்டியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு எடுத்தால் எழுத்துகளின் ஓரத்தில் தெரிந்த இரட்டைக்கோடு போய்விட்டது. 95 மிமீ அகலத்துக்குக் கண்ணாடியை முழுத் தட்டையாகச் செய்வது சுலபமில்லை. சின்ன லென்ஸில் தெரியாத குறை 600 மிமீயில் தெரியும். முன்கண்ணாடிக்கு ஹூட்டே போதுமான காப்பு.

லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் தூரத்தை வரம்பு கட்டும் ஸ்விட்ச் இருக்கிறது. அது தூரத்துக்கு மட்டும் என்ற நிலையில் இருந்தது. கிட்ட வந்து உட்கார்ந்த மீன்கொத்தியைப் பிடிக்காமல் அலைந்தது அதனால்தான். தொடர் ஃபோகஸ் முறையில் இவர் பாடியின் இயல்பு அமைப்பு, ஃபோகஸ் முடிந்தாலும் முடியாவிட்டாலும் பட்டனை அழுத்தியதும் படம் எடுத்துவிடும். அதையும் மாற்றினோம். எல்லாப் புள்ளி முறையை விட்டுவிட்டு நடுப்புள்ளி. அதற்குக் காரணம் உண்டு. இவ்வகை டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலான ஃபோகஸ் புள்ளிகள் எஃப் 5.6 வரை நம்பகமாக வேலை செய்யும்படி அமைந்தவை. நடுவிலுள்ளவை எஃப் 8 வரை தாங்கும். 600 மிமீயில் இந்த லென்ஸ் எஃப் 6.3, ஆகவே ஓரப்புள்ளிகளை நம்ப முடியாது.

பள்ளிக்கூட வராந்தா

இனி லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பிரச்சினை. அதைச் சோதிக்கக் காற்று அசையாத, சூடு மாறாத, நீளமான இடம் வேண்டும். குவியத் தூரத்தைப் போல 25 முதல் 50 மடங்கு தள்ளி வைத்துச் சோதிப்பது வழக்கம். 600 மிமீக்கு அது 15 முதல் 30 மீட்டர். எந்த வீட்டில் அவ்வளவு நீளம் இருக்கிறது? பாளையங்கோட்டையில் அதற்குக் குறையே இல்லை, பழைய பள்ளிக்கூடங்களின் வராந்தா இருக்கிறது. கனமான சுவர், உயரமான கூரை, நேரடி வெயில் விழாத தளம். விடுமுறை நாளில் அனுமதி கேட்டு, காலையிலேயே போய்விட்டோம்.

பொதுவாக இந்தச் சோதனைக்கு 30 செமீ ஸ்கேலைச் சாய்த்து வைக்கச் சொல்வார்கள். 600 மிமீக்கு அது பற்றாது. 20 மீட்டர் தூரத்தில், எஃப் 6.3இல், இந்த சென்சாருக்குக் கூர்மையாகத் தெரியும் ஆழமே சுமார் 28 செமீ. 10 மீட்டரில் அது 7 செமீ, 50 மீட்டரில் சுமார் 1.75 மீட்டர். ஸ்கேல் முழுவதும் ஒரே மாதிரி தெரிந்தால் அதை வைத்து என்ன முடிவு எடுப்பது? இன்னொரு சிக்கலும் உண்டு. வியூஃபைண்டரில் தெரியும் சின்னச் சதுரத்தைவிட உண்மையான ஃபோகஸ் புள்ளி பெரியது. சாய்ந்த ஸ்கேலில் வைத்தால் அது எந்த எண்ணைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. பிடிக்க ஒரு தட்டையான இலக்கு வேண்டும், அளக்கத் தனியாக ஒன்று வேண்டும்.

பரீட்சை அட்டை ஒன்றில் நாளிதழ்ப் பக்கத்தை ஒட்டி, லென்ஸுக்கு நேராகச் செங்குத்தாக நிறுத்தினோம். அளப்பதற்கு ஒரு பெஞ்சில் சாக்பீஸ் பெட்டிகளை 10 செமீ இடைவெளியில், ஒன்றை ஒன்று மறைக்காதபடி படிப்படியாக விலக்கி அடுக்கி, ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதினோம். நடுப்பெட்டியின் முகமும் நாளிதழும் ஒரே தளத்தில். குழல் விளக்கை அணைத்தாயிற்று, ஏனென்றால் அதன் நடுக்கமும் நிறமும் ஃபோகஸ் சென்சாரைக் குழப்பக்கூடும். கனமான ட்ரைபாட், ஆட்டத் தடுப்பு ஆஃப், 2 விநாடி டைமர்.

முதலில் லைவ் வியூ, அதாவது கேமராவின் பின்திரையில் பார்த்து எடுப்பது. இதன் அர்த்தம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸை அளப்பது படம் பதியும் சென்சார் இல்லை. லென்ஸ் வழியாக வரும் ஒளியில் ஒரு பகுதி பெரிய கண்ணாடியின் (மிரர்) நடுவே ஊடுருவி, அதற்குப் பின்னாலுள்ள சின்னக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடிப்பகுதியில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்கு இறங்குகிறது. 1985இல் மினோல்டா 7000 வந்த காலத்திலிருந்து அடிப்படை ஏற்பாடு இதுதான். லென்ஸிலிருந்து அந்தச் சென்சாருக்குள்ள வழியும், படம் பதியும் சென்சாருக்குள்ள வழியும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் ஃபோகஸ் சென்சார் "சரி" என்று சொல்லும் இடமும் படம் கூர்மையாக விழும் இடமும் வேறாகிவிடும். இதோடு ஒவ்வொரு லென்ஸும் தனக்கான திருத்த அளவு ஒன்றைத் தன் சிப்பில் வைத்துக்கொண்டு பாடிக்குச் சொல்கிறது. அந்த அளவு பிசகினாலும் இதே விளைவுதான். இந்த பாடியில் லைவ் வியூ படம் பதியும் சென்சாரையே பார்த்து ஃபோகஸ் செய்கிறது. அதனால் அங்கே இந்தப் பிசகுக்கு இடமில்லை. லைவ் வியூவில் கூர்மையாக விழுந்து, வியூஃபைண்டரில் விழாவிட்டால், லென்ஸின் கண்ணாடிகள் நன்றாக இருக்கின்றன, அளவீட்டில்தான் பிசகு என்று பொருள். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. காற்றுத் தொல்லை மட்டும் அவர்களுக்கும் உண்டு.

லைவ் வியூவில் நாளிதழின் எழுத்துகள், நடுப்பெட்டி, இரண்டும் கத்தி மாதிரி விழுந்தன. 150, 300, 600 எல்லாவற்றிலும் அப்படியே. தம்பியின் முகத்தில் அப்போதுதான் தெளிச்சல் வந்தது. லென்ஸை ஆக்கிய கண்ணாடிகள் ஒழுங்காக இருக்கின்றன.

அடுத்து மெனுவில் எண்ணை சைபருக்குக் கொண்டுவந்து, வியூஃபைண்டர் வழியாக 600 மிமீ. ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் வளையத்தைக் கையால் விலக்கிவிட்டு, ஒருமுறை கிட்டேயிருந்தும் ஒருமுறை தூரத்திலிருந்தும் வரும்படி மாற்றி மாற்றி எடுத்தோம். இவ்வகை ஃபோகஸில் ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் சிதறல் இருப்பது இயற்கை. ஒரு படத்தை வைத்து முடிவு செய்யாமல் கூட்டம் எங்கே குவிகிறது என்று பார்க்க வேண்டும். சைபரில் நடுப்பெட்டிக்கு இரண்டு பெட்டி முன்னால், சுமார் 20 செமீ முன்னால் குவிந்தது. பிளஸ் 12இல் ஏறக்குறைய அதே அளவு பின்னால். உள்ளான் படத்தில் சேறு சொன்னதை இங்கே பெட்டிகள் எண்ணோடு சொல்லின. 150 மிமீயில் சைபர் சரியாக இருந்தது, பிளஸ் 12 பின்னால் தள்ளியது.

யார் மேல் பிசகு

பாடியா, லென்ஸா? இதற்கு ஒரே வழி மாற்றி மாட்டிப் பார்ப்பது. அவர் கல்யாண வேலைக்கு வைத்திருக்கும் பழைய லென்ஸ்களை அதே பாடியில் மாட்டினால் நடுப்பெட்டியில் சரியாக விழுந்தன. ஒரு நண்பரின் பாடியில் இந்த 150-600ஐ மாட்டினால் அங்கும் 600இல் முன்னால் விழுந்தது. பாடி தப்பித்தது. லென்ஸில்தான் பிசகு, அதுவும் நீளமான முனையில் மட்டும்.

அப்படியானால் மெனுவில் பிளஸ் 6 போட்டால் முடிந்ததா? 600இல் முடிந்தது. ஆனால் அந்த பாடியில் ஒரு லென்ஸுக்கு ஒரே ஒரு எண்தான். 600க்குச் சரியான பிளஸ் 6, 150இல் தேவையில்லாத தள்ளல். கேனானின் சில பாடிகளில் ஜூமின் இரண்டு முனைக்கும் தனித்தனி எண் கொடுக்கலாம். அந்த வசதி இங்கே இல்லை. கல்யாண வீட்டிலோ திருவிழாவிலோ இந்த லென்ஸை யார் 150இல் வைக்கப்போகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். தம்பி வைப்பார். ஆனித் தேரோட்டத்தில் ரதவீதி மாடியிலிருந்து நெல்லையப்பர் தேர் வடம் பிடிக்கும் கூட்டத்தை எடுக்க வேண்டும் என்பதும் இந்த லென்ஸை வாங்கியதற்கு ஒரு காரணம்.

லென்ஸைச் செய்த நிறுவனமே இதற்கு ஒரு சின்ன டாக் விற்கிறது. லென்ஸின் பின்பக்கத்தில் மாட்டிக் கணினியோடு யூஎஸ்பி வயரில் இணைத்தால், லென்ஸின் சிப்பில் உள்ள திருத்த அளவையே மாற்றலாம். குவியத் தூரம் நான்கு, ஒவ்வொன்றுக்கும் தொலைவு நான்கு, ஆக 16 கட்டங்கள். வெளிநிறுவன லென்ஸ் வாங்கும் டிஎஸ்எல்ஆர்காரர்கள் டாக் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. லென்ஸ் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

டாக்கைத் தொடும் முன் பாடியின் எண்ணைச் சைபராக்கித் திருத்தத்தையே அணைத்துவிட்டோம். இரண்டு இடத்திலும் திருத்தம் இருந்தால் எது எதைச் செய்கிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது. 150, 200 பக்கக் கட்டங்களைத் தொடவில்லை. 400 பக்கம் சிறிய திருத்தம், 600இல் கூடுதல். ஒரு கட்டத்தை மாற்றி, எழுதி, மறுபடி வராந்தாவில் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. அவசரப்பட்டு எல்லாக் கட்டத்தையும் ஒரே எண்ணால் நிரப்புவது அந்தப் பிளஸ் 12ஐ இன்னொரு இடத்தில் போடுவதற்குச் சமம்.

திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். லைவ் வியூவில் எல்லாக் குவியத் தூரத்திலும் கூர்மையாக விழும் லென்ஸைக் கைவிடுவது புத்திசாலித்தனம் இல்லை. படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கினால் கதை வேறு. அது உள்ளே கண்ணாடி சாய்ந்திருப்பதன் அடையாளம், எந்த மெனுவும் எந்த டாக்கும் அதைச் சரிசெய்யாது. அப்படிப்பட்டதை யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் நாளிதழ்ப் பக்கத்தைச் சுவர் முழுக்க விரித்து நான்கு மூலையையும் பார்த்தோம். மூலைகள் ஒத்திருந்தன.

மறுபடி குளம்

திருத்தத்துக்குப் பிறகு கூந்தன்குளம் கரையில், வெயில் ஏறும் முன், அதே மாதிரித் தூரத்தில் நெடுங்கால் உள்ளான்கள். இந்தத் தடவை கூர்மைப் பட்டை காலுக்கு நேராகச் சேற்றில் விழுந்தது, சிவந்த கண்ணில் விடியல் வெளிச்சத்தின் புள்ளி தனியாகத் தெரிந்தது. கருவேல மரத்து நாரைக்கு நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்ததும் முள்குச்சி தொந்தரவு போயிற்று. கூழைக்கடா பறக்கும் படங்கள் 1/2000இல் நின்றன, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறியதால் கொஞ்சம் பொரி, மணல் தூவிய மாதிரிப் புள்ளிகள், விழுந்தது. பொரியைப் பிறகு குறைக்கலாம், ஆட்டத்தைக் குறைக்க வழியில்லை.

எதிர்க்கரைக் கரண்டிவாயன்கள் எட்டு மணி வரை பரவாயில்லை. ஒன்பது மணிக்கு மேல் பழையபடி நெளிய ஆரம்பித்தன. "இதுக்கு என்ன அண்ணாச்சி செய்ய?" என்றார். கேமராவை உள்ளே வைத்துவிட்டு பைனாகுலரை எடுக்கச் சொன்னேன்.

16 கட்டங்களில் முடிவிலித் தூரத்துக்கான கட்டங்கள் மட்டும் இன்னும் சோதித்து முடிக்காமல் கிடக்கின்றன. அவற்றைச் சோதிக்கப் பல நூறு மீட்டர் தள்ளி ஒரு இலக்கு வேண்டும், அவ்வளவு தூரத்துக்கு ஆடாத காற்றும் வேண்டும். பங்குனி சித்திரையில் எடுத்துப் பார்த்தவை ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஒத்துவராத படங்களை நம்பி எண்ணை மாற்றக்கூடாது என்று அவையெல்லாம் சைபரிலேயே நிற்கின்றன. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து ஓய்ந்த ஒரு மேகமூட்டமான காலையில், தூரத்துச் செல்போன் கோபுரம் ஒன்றை இலக்காக வைத்து அதை முடித்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். வரித்தலை வாத்துகள் வந்து இறங்குவதற்குள் அது முடிந்தாக வேண்டும்.